கிசாவுக்குப் பிறகு பிரமிடுகள் சிறுத்தது ஏன்? மன்னர்கள் மலைக்குள் போனது ஏன்?

நெய்தல்மகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வரும் குளிர்காலத்தில் குடும்பத்துடன் எகிப்து செல்ல இருக்கிறோம். போவதற்கு முன் அங்குள்ள அரச கல்லறைகளைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போகலாம் என்று தொடங்கினேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி மட்டும் விடைகிடைக்காமல் நிற்கிறது.

கிசாவில் கூஃபு கட்டிய பெரிய பிரமிடு முதலில் 146 மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தது. அவருடைய மகன் காஃப்ரேயின் பிரமிடும் ஏறத்தாழ அதே உயரம். அவர்களை அடுத்து அங்கே கட்டிய மென்காவுரேயின் பிரமிடோ 65 மீட்டர்தான். ஐந்தாம், ஆறாம் மரபு (அரச வம்சத்து) மன்னர்கள் பெரும்பாலும் 50 மீட்டர் அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். அவற்றின் படங்களைப் பார்த்தால் மணல்மேட்டுக்கும் பிரமிடுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இன்னும் ஆயிரம் ஆண்டு கடந்து வந்தால், நூபியாவிலிருந்து சிரியா வரை ஆதிக்கம் செலுத்திய மூன்றாம் தூத்மோஸ், இரண்டாம் ராம்சேஸ் போன்றவர்கள் பிரமிடே கட்டவில்லை. லக்சருக்கு எதிர்க்கரையில் உள்ள ஒரு வறண்ட பள்ளத்தாக்கில் பாறையைக் குடைந்து தங்களை அடக்கம் செய்துகொண்டார்கள்.

பணமும் ஆளும் குறைந்துபோனதால் பிரமிடு சிறுத்தது என்றால், செல்வம் கொழித்த காலத்தில் அது மீண்டும் வளர்ந்திருக்க வேண்டும். திருடர்களுக்கு அஞ்சித்தான் மறைத்தார்கள் என்றால், அந்த அச்சம் வருவதற்கு ஏன் ஆயிரம் ஆண்டு ஆயிற்று? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழஞ்சுவடி எழுதிய மறுமொழி:

நெய்தல்மகள் அவர்களுக்கு வணக்கம். நல்ல கேள்வி. ஆனால் உயரத்தை மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தால் கிசாவுக்குப் பிறகு எல்லாமே வீழ்ச்சியாகத்தான் தோன்றும். எகிப்தியர் கட்டியது தனித்து நிற்கும் ஒரு கற்கோபுரத்தை அன்று. வெள்ளநீர் எட்டும் எல்லையில் படகுகள் வந்து சேரும் ஒரு கோயில், அங்கிருந்து பாலைவன மேட்டுக்கு ஏறும் கூரையிட்ட நீண்ட பாதை, பிரமிடின் கிழக்கு முகத்தை ஒட்டி நாள்தோறும் படையல் நடக்கும் ஈமக் கோயில், அரசியரின் சிறு பிரமிடுகள், படகுக் குழிகள், இவை யாவும் சேர்ந்ததுதான் மன்னரின் அடக்கத்தலம். அந்த முழுத்தொகுதியில் எந்தப் பகுதிக்கு அதிகம் செலவிட்டார்கள் என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறியது.

முதலில் ஒரு திருத்தம். மிகுதியாகக் கல் அடுக்கிய மன்னர் கூஃபு அல்லர். அவருடைய தந்தை ஸ்னெஃபெரு. மைதூமில் ஒன்று, தஹ்ஷூரில் இரண்டு என மூன்று பெரிய பிரமிடுகள் அவர் பெயரில் உள்ளன. மூன்றையும் கூட்டினால் கூஃபுவின் பிரமிடைவிடக் கன அளவு கூடுதலாக வருகிறது. தஹ்ஷூரின் வளைந்த பிரமிடு பாதி உயரம் வரை ஏறத்தாழ 54 பாகைச் சரிவில் ஏறி, அதற்கு மேல் 43 பாகைக்குத் தாழ்கிறது. கட்டும்போதே உள்ளறைகளில் விரிசல் கண்டதால் எடுத்த முடிவு அது என்பதே பெரும்பாலோர் கருத்து. அடுத்து எழுப்பிய சிவப்புப் பிரமிடை அடியிலிருந்தே அந்தத் தாழ்ந்த சரிவில் கட்டினார்கள். கிசா கிடைத்தது இந்தப் பட்டறிவின் மேல்தான். ஆகவே ஸ்னெஃபெரு, கூஃபு, காஃப்ரே காலத்துப் பேரளவுதான் விதிவிலக்கு. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று இல்லை. சக்காராவில் ஜோசருக்காக எழுந்த முதல் கற்பிரமிடு, ஆறு படிகளோடு, 60 மீட்டரைச் சற்றே தாண்டியது.

நான்காம் மரபின் இறுதியிலேயே மாற்றம் தெரிகிறது. மென்காவுரே தம் பிரமிடின் அடிவரிசைகளுக்கு அஸ்வானிலிருந்து செந்நிறக் கிரானைட்டைக் கொண்டுவந்து பதித்தார். உயரம் குறைந்தாலும் செலவு குறையவில்லை. அவர் முடிக்காமல் விட்ட கோயிலை அடுத்து வந்த ஷெப்செஸ்காஃப் வெயிலில் காய்ந்த செங்கல்லால் முடித்து வைத்தார். அதே ஷெப்செஸ்காஃப் தமக்குப் பிரமிடு வேண்டாம் என்று சக்காராவின் தென்கோடியில் பெட்டி வடிவில் ஒரு பெருங்கல்லறை கட்டிக்கொண்டார். காரணத்தை எங்கும் அவர் எழுதி வைக்கவில்லை. ஆயினும் பிரமிடு வடிவம் மாற்ற முடியாத விதியாக இருந்ததில்லை என்பதற்கு அது ஒன்றே போதும்.

ஐந்தாம் மரபில் கவனம் கோயிலின் பக்கம் திரும்பியது. உசெர்காஃப் தொடங்கிப் பல மன்னர்கள், தங்கள் பிரமிடோடு கூடவே கதிரவனுக்கென்று தனிக் கோயிலும் கட்டினார்கள். அபூசிரில் சாஹுரேயின் பிரமிடு 50 மீட்டரைக்கூட எட்டவில்லை. ஆனால் அதன் ஈமக் கோயிலுக்குப் பனைமர வடிவக் கிரானைட் தூண்களும், கருநிறப் பசால்ட் தளமும், கடற்பயணம், வேட்டை, கைப்பற்றிய மந்தை என்று சுவர் நிறையப் புடைப்புச் சிற்பங்களும் அமைந்தன. கிசாவில் கல்லின் பருமன் சொன்னதை அபூசிரில் சிற்பம் சொல்கிறது. பிறகு, கி.மு. 2350 வாக்கில், உனாஸ் தம் பிரமிடின் உள்ளறைச் சுவர்களில் நெடுவரிசைகளாக மந்திரங்களைப் பொறிக்கச் செய்தார். மன்னர் உயிர்த்தெழுந்து விண்மீன்களிடையே சேர்வதற்கான அந்த வாசகங்கள் கூஃபுவின் பிரமிடுக்குள் ஓர் எழுத்தளவும் கிடையாது. ஆறாம் மரபுக்குள் நுழையும்போது அளவே நிலைபெற்றுவிட்டது: தேத்தி, முதலாம் பெப்பி, மெரென்ரே, இரண்டாம் பெப்பி ஆகிய நால்வரின் பிரமிடுகளும் 100 முழம், அதாவது 52.5 மீட்டர் உயரத்துக்கே திட்டமிடப்பட்டவை. கட்ட முடியாமல் குறுகிய அளவு ஒவ்வொரு முறையும் வேறாக இருந்திருக்கும்; நான்கு ஆட்சிகளில் ஒரே அளவு வருகிறதென்றால் அது தெரிந்து வகுத்த அளவு.

அவை இன்று மேடாகக் கிடப்பதற்குக் காரணம் வேறு. உட்பகுதியைச் சிறு கற்களாலும் கல்சல்லியாலும் நிரப்பி, வெளியே மட்டும் தூரா சுரங்கத்து வெண்சுண்ணாம்புக்கல்லை இழைத்துப் பதித்தார்கள். பிற்காலத்தவர் அந்த மேலுறையைக் கட்டடங்களுக்குப் பெயர்த்துக்கொண்டு போனவுடன் உட்பகுதி சரிந்தது. கூஃபுவின் பிரமிடும் மேலுறையை இழந்ததுதான். அதன் உட்கற்கள் பெரியவையாக இருந்ததால் உருக்குலையவில்லை.

கோயிலுக்கு இவ்வளவு முதன்மை ஏன் என்று கேட்டால், அபூசிரில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல்தாள்) சுவடிகளைப் பார்க்கச் சொல்வேன். நெஃபெரிர்காரே மன்னரின் ஈமக் கோயிலில் எழுதிய கணக்குகள் அவை. பூசாரிகள் குழுக்களாகப் பிரிந்து முறை வைத்துப் பணிசெய்தார்கள். ஒரு குழு போய் மற்றொரு குழு வரும்போது கோயில் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எது விளிம்பு உடைந்திருக்கிறது, எது ஒட்டுப்போடப்பட்டிருக்கிறது என்று கட்டம் போட்ட பட்டியலில் குறித்தார்கள். எத்தனை அப்பம் வந்தது, எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது, எது வராமல் நின்றது என்பதும் அதில் இருக்கிறது. மன்னர் இறந்து பல தலைமுறை கழிந்த பிறகும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கட்டடம் எழும்புவதற்கு ஓர் ஆட்சிக்காலம் போதும். இந்தப் படையல் தொடர்வதற்கு நிலமும் ஊர்களும் என்றென்றைக்குமாக எழுதி வைக்கப்பட வேண்டும். அரசின் செல்வம் அந்தப் பக்கம் போயிற்று.

கல்தச்சன் எழுதிய மறுமொழி:

பழஞ்சுவடி ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் திருட்டு என்ற காரணத்தை அவர் தொடவே இல்லை. பிரமிடு கைவிடப்பட்டதற்கு அதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஜோசர் முதல் ஆறாம் மரபு வரையிலான பழைய அரசுக் காலத்துப் பிரமிடுகளில் வாயில் வட முகத்தில்தான் இருந்தது. வடதிசையில் மறையாத விண்மீன்களை நோக்கி மன்னரின் உயிர் செல்லும் வழி அது. அந்த மரபைத் திருடர்களும் அறிந்திருந்தார்கள். உள்ளே மேலிருந்து இறங்கும் கிரானைட் தடுப்புக் கற்களைச் சுற்றிச் சுரங்கம் தோண்டிப் போய்விட்டார்கள். அதனால்தான் பழைய அரசுக்கும் புதிய அரசுக்கும் இடைப்பட்ட, மத்திய அரசு எனப்படும் காலத்தில் இரண்டாம் செனுஸ்ரெத் லாஹூனில் கட்டிய பிரமிடில் வட முகத்து வாயிலையே விட்டுவிட்டு, தென்புறத்தில் தரைக்குள் கிணறு இறக்கி வழி அமைத்தார். சமய மரபையே மீறும் அளவுக்கு அச்சம் வந்துவிட்டது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இதன் உச்சம் ஹவாராவில் உள்ள மூன்றாம் அமெனெம்ஹத்தின் பிரமிடு. உள்வழி நேராகப் போய் ஓரிடத்தில் அடைபடும். உண்மையான வழி மேற்கூரையில் ஒரு கல்லுக்குப் பின்னால் இருக்கும். அந்தக் கல் பக்கவாட்டில் நகர்ந்து மூடும். இப்படித் திரும்பித் திரும்பிப் போனால் மன்னரின் அறை. அந்த அறை ஒரே குவார்ட்சைட் பாறையைத் தொட்டி போலக் குடைந்து செய்தது. 100 டன்னுக்கு மேல் எடை கொண்டது. அதற்குக் கதவே இல்லை. மேலே மூன்று பாறைகள் கூரையாகக் கிடக்கும். அவற்றில் ஒன்றைத் தூக்கி நிறுத்தி வைத்து, அடக்கம் முடிந்ததும் தாங்குகால்களின் கீழிருந்த மணலை வடியவிட்டு மெல்ல இறக்கினார்கள். கல்வேலை தெரிந்தவர்கள் இந்த இடத்தில் மூச்சடைத்து நின்றுவிடுவார்கள். 1889இல் அகழாய்வாளர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி நிலத்தடி நீருக்குள் நீந்தாத குறையாக அந்த அறைக்குள் நுழைந்தபோது, பண்டைக் காலத்திலேயே திருடர்கள் உள்ளே வந்து உடலை எரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இதற்கு மேல் பொறியியலால் என்ன செய்ய முடியும்? மிஞ்சியது மறைவிடம் ஒன்றுதான். முதலாம் தூத்மோஸின் கல்லறை வேலையை மேற்பார்த்த இனேனி என்ற அதிகாரி, தம் சொந்தக் கல்லறைச் சுவரில், யாரும் காணாமல் யாரும் கேளாமல் மன்னரின் பாறைக்கல்லறை குடையப்பட்டதைத் தாம் தனியே கவனித்துக்கொண்டதாகப் பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார். மூன்றாம் தூத்மோஸின் கல்லறை வாயில் செங்குத்தான பாறையிடுக்கின் உயரத்தில் இருக்கிறது; இன்றும் இரும்புப் படிக்கட்டு ஏறித்தான் போக வேண்டும்.

அச்சம் வீணானதும் அல்ல. ஒன்பதாம் ராம்சேஸின் 16ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 1110ஐ ஒட்டி, இன்றைய லக்சரான தீப்ஸில் நடந்த கல்லறைத் திருட்டு விசாரணையின் பதிவு நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. அமென்பனூஃபெர் என்ற கல்தச்சர், செம்புக் கருவிகளோடு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு சொபெகெம்சாஃப் மன்னரின் பிரமிடுக்குள் நுழைந்ததையும், மன்னர், அரசி இருவரின் உடலிலிருந்தும் தங்கத்தைக் கழற்றிக்கொண்டு பெட்டிகளுக்குத் தீவைத்ததையும் வாக்குமூலமாகத் தந்திருக்கிறார். தங்கம் எட்டுப் பேருக்கும் தலைக்கு 20 தெபென் வீதம் பங்காயிற்று. தெபென் என்பது ஏறத்தாழ 90 கிராம். பிடிபட்டவுடன் தம் பங்கை ஓர் எழுத்தருக்குக் கொடுத்து வெளியே வந்ததாகவும், கூட்டாளிகள் இழப்பை ஈடுசெய்து மீண்டும் தொழிலைத் தொடர்ந்ததாகவும் அவரே சொல்கிறார். பிரமிடு என்பது எட்டுத் திசைக்கும் தெரியும்படி இங்கே தங்கம் இருக்கிறது என்று அறிவிக்கும் கட்டடம். அதை விட்டதில் வியப்பில்லை.

நெய்தல்மகள் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கல்தச்சன் ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அதிலிருந்தே எனக்கு இன்னொரு ஐயம் எழுகிறது. கல்லறையை மறைத்துவிட்டால் நாள்தோறும் படையல் எங்கே நடக்கும்? பழஞ்சுவடி ஐயா சொன்ன பூசாரிகள், களஞ்சியம், மானிய ஊர்கள் எல்லாம் என்னவாயின? அந்தப் பள்ளத்தாக்கில் கோயில் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லையே.

பழஞ்சுவடி எழுதிய மறுமொழி:

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள் அம்மா. கல்லறைக்கும் வழிபாட்டிடத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே வந்தால், பிரமிடின் உயரம் சொல்லாதது அதில் தெரியும்.

முதல் மரபு மன்னர்கள் அபைடாஸ் பாலைவனத்தில் நிலத்தடிக் கல்லறைகளில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களுக்கான வழிபாட்டு மதில்வளாகங்களோ ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் விளைநிலத்தின் ஓரமாக இருந்தன. கல்லறையும் மதில்வளாகமும் ஓரிடத்தில் சேர்ந்தது சக்காராவில், ஜோசருக்காக இம்ஹோதெப் அமைத்த வளாகத்தில்தான். பத்து மீட்டருக்கு மேல் உயர்ந்த சுண்ணாம்புக்கல் மதில், உள்ளே முற்றங்களும் கோயிலும், நடுவில் படிப் பிரமிடு. பிரமிடு பிறந்ததே அந்தச் சேர்க்கையில். சேர்ந்திருந்த வரை பிரமிடும் இருந்தது. தூத்மோஸ், ராம்சேஸ் மன்னர்கள் ஆண்ட புதிய அரசுக் காலத்தின் தொடக்கத்தில் அவை மீண்டும் பிரிந்தன, பிரமிடும் போயிற்று. எகிப்தில் ஒரு மன்னருக்கென எழுந்த கடைசிப் பிரமிடு முதலாம் அஹ்மோஸ் அபைடாஸில் கட்டியது.

பிரிந்த கோயில்கள் எங்கே என்றால், மலைக்கு இந்தப்புறம், பெரும்பாலும் நைல் வெள்ளம் எட்டும் விளிம்பில் வரிசையாக நிற்கின்றன. டெய்ர் எல்-பஹ்ரியில் மலையடிவாரத்தை ஒட்டிய ஹாட்ஷெப்சுட்டின் கோயில், இரண்டாம் ராம்சேஸின் ராமசேயம், மெதினெத் ஹாபுவில் மூன்றாம் ராம்சேஸின் கோயில் ஆகியவை நீங்கள் தேடும் ஈமக் கோயில்கள். ராமசேயத்தின் பின்புறத்தில் செங்கல் வளைவுக் கூரையிட்ட நீண்ட களஞ்சியங்கள் இன்றும் வரிசை வரிசையாக நிற்கின்றன. உங்கள் மானிய ஊர்களின் தானியம் வந்து சேர்ந்த இடம் அதுதான். ஆண்டுதோறும் பள்ளத்தாக்குத் திருவிழாவில் கிழக்குக் கரையில் உள்ள கர்னாக் கோயிலிலிருந்து ஆமூன் தெய்வத்தைப் படகில் ஏற்றி மேற்குக் கரைக்கு எழுந்தருளச் செய்து, இந்தக் கோயில்களுக்குக் கொண்டுபோனார்கள். மன்னரின் வழிபாடு ஆமூன் வழிபாட்டோடு ஒன்றாகிவிட்ட பிறகு, கோயில் ஊர்வலம் வந்து சேரும் இடத்தில் இருந்தாக வேண்டும்; மலையிடுக்கில் இருக்க முடியாது.

திருட்டு அச்சத்தை நான் மறுக்கவில்லை. அது மட்டுமே காரணம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. மன்னர்களின் பள்ளத்தாக்கு எங்கே இருக்கிறது என்பது தீப்ஸ் முழுவதற்கும் தெரிந்திருந்தது. கல்லறை குடைந்த தொழிலாளர்கள் டெய்ர் எல்-மதீனாவில் அரசுச் சம்பளத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். பிற்கால ராம்சேஸ் மன்னர்களின் கல்லறைகளுக்கு அகலமான வாயில், மேலே செதுக்கிய கதிரவன் உருவம், மரக்கதவு என்று எல்லாமே பகிரங்கமாக இருக்கின்றன. இனேனி பெருமையாகச் சொன்ன மறைவு அங்கே இல்லை. காவல் இருந்தது, அந்தக் காவல் இருந்தவரை பள்ளத்தாக்கு பெரும்பாலும் காப்பாற்றப்பட்டது. தூத்தன்காமன் கல்லறைக்குள்கூட அடக்கம் நடந்த சில காலத்திலேயே திருடர்கள் நுழைந்தார்கள். அதிகாரிகள் கண்டறிந்து மீண்டும் அடைத்து முத்திரையிட்டார்கள். பின்னர் வேலையாட்களின் குடிசைகளும் கற்குப்பையும் வாயிலை மூடிவிட்டதால் 1922 வரை அது தப்பியது.

மலையைத் தேர்ந்ததற்கு வேறு காரணமும் உண்டு. பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் எல்-குர்ன் சிகரம் இயல்பாகவே பிரமிடு வடிவில் இருக்கிறது. கல்லறைச் சுவர்களில் எழுதியதும் மாறியது. உனாஸ் காலத்து மந்திரங்கள் மன்னரை வானுக்கு ஏற்றின. மூன்றாம் தூத்மோஸின் அறையிலோ, இரவின் பன்னிரண்டு மணிநேரமும் கதிரவன் படகில் பாதாளத்தைக் கடந்து விடியலில் மீளும் பயணம், விரித்து ஒட்டிய சுவடி போல முட்டை வடிவச் சுவரைச் சுற்றி வரையப்பட்டிருக்கிறது. பாதாளத்தைக் கடக்கும் மன்னருக்கு உயரே எழும் கல் தேவையில்லை. ஆழமாக இறங்கும் பாறை தேவை.

காவல் தளர்ந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லி முடிக்கிறேன். புதிய அரசு குலைந்ததும் ஆமூன் பூசாரிகளே மன்னர்களின் உடல்களை வெளியே எடுத்து, மீந்த தங்கத்தை அகற்றி, புதுத் துணி சுற்றிப் பெயர் எழுதி, மறைவான குழிகளில் ஒன்றாக அடுக்கினார்கள். டெய்ர் எல்-பஹ்ரி அருகே அப்படியொரு குழியிலிருந்து 1881இல் முதலாம் சேத்தி, இரண்டாம் ராம்சேஸ், மூன்றாம் தூத்மோஸ் உள்ளிட்டோர் வெளிவந்தார்கள். அப்போது ஆட்சி வடக்கே தானிஸில் இருந்தது. அங்கே 21ஆம் மரபு மன்னர்கள் ஆமூன் கோயிலின் மதிலுக்குள்ளேயே சிறு நிலத்தடி அறைகளில் அடக்கமானார்கள். கல்லறை மறுபடியும் கோயிலுக்குள் வந்துவிட்டது. 1940இல் அகழாய்வாளர் பியேர் மோந்தே திறந்த முதலாம் சூசேன்னெஸின் கல்லறையில் வெள்ளிச் சவப்பெட்டி திருடர் கைபடாமல் கிடைத்தது.

மாடப்புறா எழுதிய மறுமொழி:

பிரமிடு முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மன்னர்கள் விட்ட வடிவத்தை அவர்களுக்குக் கல்லறை குடைந்த தொழிலாளர்களே எடுத்துக்கொண்டார்கள். டெய்ர் எல்-மதீனாவில் அவர்களின் சொந்தக் கல்லறைகளின் மேல், செங்கல்லால் சுண்ணாம்பு பூசிய சிறு பிரமிடுகள் இருந்தன. ஒன்றைப் புதுப்பித்தும் வைத்திருக்கிறார்கள். தெற்கே சூடானில் கூஷ் நாட்டு மன்னர்கள், கி.மு. எட்டாம் நூற்றாண்டில் எகிப்தையே ஆண்ட காலத்திலிருந்து எல்-குர்ரு, நூரி, மெரோவே ஆகிய இடங்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பிரமிடு எழுப்பினார்கள். குறுகிய அடியும் செங்குத்தான சரிவும் கொண்டவை அவை. எண்ணிக்கையில் எகிப்தை மிஞ்சும். மெரோவேயில் பல பிரமிடுகளின் உச்சி இல்லாதிருப்பதற்கு, 1834இல் புதையல் தேடி அவற்றை உடைத்த இத்தாலியர் ஃபெர்லீனியும் ஒரு காரணம். ஒவ்வொரு பிரமிடுக்கும் கிழக்கு முகத்தில் படையல் கூடம் ஒட்டியே இருக்கிறது. கல்லறையும் வழிபாடும் சேர்ந்திருக்கும் இடத்தில் பிரமிடு இருக்கும் என்ற பழஞ்சுவடி ஐயாவின் கருத்துக்கு இதுவும் துணை நிற்கிறது.

நெய்தல்மகள் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசியாக ஒன்று: இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும்படி பார்க்க வேண்டுமென்றால் எந்த வரிசையில் போவது நல்லது?

கல்தச்சன் எழுதிய மறுமொழி:

கெய்ரோவில் இறங்கியதும் கிசாவுக்கு ஓடாதீர்கள். காலையில் சக்காராவில் ஜோசரின் வளாகத்தையும், திறந்திருந்தால் உனாஸ் அல்லது தேத்தியின் பிரமிடுக்குள் எழுத்து நிறைந்த அறைகளையும் பாருங்கள்; அங்கிருந்து தஹ்ஷூர் தொலைவில்லை. கிசாவை மறுநாளுக்கு வைத்துக்கொண்டால் அதன் அளவு உங்களுக்கு வேறுவிதமாகப் புரியும். காஃப்ரேயின் பிரமிடைப் பார்த்ததோடு திரும்பாமல், ஸ்பிங்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய பள்ளத்தாக்குக் கோயிலிலிருந்து மேலே ஏறும் பாதையின் போக்கைக் கவனியுங்கள். லக்சரில் மன்னர்களின் பள்ளத்தாக்கையும் மெதினெத் ஹாபுவையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள். இடையில் இருக்கும் மலை எவ்வளவு பெரியது என்பதை அப்போதுதான் உணர்வீர்கள். தானிஸ் புதையலைப் பார்க்க கெய்ரோவில் தஹ்ரீர் சதுக்கத்துப் பழைய அருங்காட்சியகத்துக்கும், மன்னர்களின் உடல்களைப் பார்க்க ஃபுஸ்தாத்தில் உள்ள தேசிய நாகரிக அருங்காட்சியகத்துக்கும் போக வேண்டும். தூத்தன்காமனின் பொருட்கள் கிசாவுக்கு அருகில் புதிதாகக் கட்டிய பெரிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூன்றும் தனித்தனி இடங்கள், நுழைவுச்சீட்டும் தனித்தனி என்பதால் முன்பே திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.